ரீகாவில் ராகு காலம்

என் அக்கா புருஷன் வெங்கடேசுலு பாவாவோடு நகரி வரைக்கும் பஸ்ஸில் போவதே எனக்கு ஆகாது. அந்த மனுஷனோடு மூன்று நாடு போய்விட்டு வந்திருக்கிறேன். இன்னும் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்கிறது என்றால் அது முருகன் புண்ணியம்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். திருத்தணியில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் நகரி. நடுவில் ஒரு போர்டு. இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் ஆந்திரா. எங்கள் அக்காவை அந்தப் பக்கம் கொடுத்தோம். பாவா கரும்பும் மாமரமும் வைத்திருக்கிற விவசாயி. முப்பது வருஷமாக என் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "அரவம்காரங்க வூட்ல காபின்னா டம்ளர்ல பாதி நுரை, மீதி உபசாரம்" என்பார். தமிழர்களைத் தெலுங்குக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள், அரவம் என்று. நான் விடுவேனா? "உங்க ஊர்ல பாயசத்துக்கே மொளகாத்தூள் கேப்பீங்க. ரெண்டு பேர் பேசிக்கினா நாலு தெருவுக்குக் கேக்கும்" என்பேன். அக்கா நடுவில் நின்று இரண்டு பேரையும் திட்டுவாள். சோறு மட்டும் பாரபட்சம் இல்லாமல் போடுவாள்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை ஹரி. லிதுவேனியாவில் ஒரு கம்பெனியில் லாரி ஓட்டுகிறான். எங்கள் பக்கத்தில் பிள்ளை அப்பனையும் நைனா என்பான், அப்பன் பிள்ளையையும் நைனா என்பான். அப்படி இரண்டு நைனாக்களும் தினம் போனில் பேசிக்கொள்வார்கள். தை மாதத்தில் ஒரு நாள் போன் வேறு மாதிரி வந்தது. எஸ்தோனியா நாட்டில் தார்த்து என்கிற ஊரில் சரக்கு இறக்கும்போது இரும்புப் பலகை ஹரியின் வலது பாதத்தில் விழுந்து நசுக்கிவிட்டது. வலது கால்! லாரிக்காரனுக்கு அதுதானே சோறு.

பத்து நாளாகியும் பாதத்தின் முன்பக்கம் கறுத்தே கிடந்தது. சீழ் மேலே ஏறினால் காலுக்கே ஆபத்து, பாதி பாதத்தை எடுக்க வேண்டி வரலாம், புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆபரேஷன், அதற்கு மேல் தள்ள முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இவன் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான்.

"நைனா வந்து ஒரு தபா முழுசா பாக்கட்டும் மாமா. அப்பால வெட்டிக்கட்டும்," என்று என்னிடம் போனில் அழுதான். இருபத்தாறு வயசுப் பிள்ளை.

பாவாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குக் கரண்டு ஆபீசில் முப்பது வருஷம் மனுக்களுக்குப் பதில் எழுதிப் பழகிய இங்கிலீஷ். ஆகவே நானும் கிளம்பினேன். விசா கதை, விமானக் கதையெல்லாம் வேண்டாம். கம்பெனிக்காரர்கள் ஓடியாடி எல்லாம் செய்து கொடுத்தார்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். திங்கட்கிழமை சாயங்காலம் லிதுவேனியாவின் வில்னியஸில் போய் இறங்கினோம்.

குளிர் மைனஸ் பதினொன்று. திருத்தணியில் மார்கழிக் காலையில் மப்ளர் சுற்றிக்கொள்வதையே நாங்கள் குளிர் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இங்கே மூக்குக்குள் இருக்கிற ஈரம் உறைந்து குத்துகிறது. பாவா குரங்குக் குல்லாய் போட்டு, அதன்மேல் துண்டைக் கட்டி, கம்பளிக் கோட்டுக்குள் ஆவக்காய் ஊறுகாய் பாட்டிலை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நடந்தார். பெட்டியில் வைத்தால் உறைந்துவிடுமாம்.

எங்களை அழைத்துப்போக யோனாஸ் வந்திருந்தான். ஹரியோடு ஒரே அறையில் தங்கியிருக்கிற லாரி டிரைவர், லிதுவேனியாக்காரன். வாய் திறந்தால் மூடுவதில்லை. கையை ஸ்டியரிங்கில் வைப்பதை விட ஆட்டுவதற்குத்தான் அதிகம் உபயோகித்தான். பாவாவுக்கு அவன் பேச்சு ஒரு சொல் புரியவில்லை. ஆனாலும் ஐந்தே நிமிஷத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இவன் நம்மாளு. லிதுவேனியாவும் ஆந்திராவும் ஒண்ணு."

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை கம்பெனியில் காகிதங்களை வாங்கிக்கொண்டு, யோனாஸ் தன் சொந்தக் காரிலேயே எங்களை லாட்வியாவின் ரீகா வரைக்கும் கொண்டுவிடக் கிளம்பினான். வழியில் சாப்பாட்டுக் கடை. செப்பலினாய் என்று ஒன்று வந்தது. உருளைக்கிழங்கு மாவில் பிடித்தது, கொழுக்கட்டைக்கு அண்ணன் மாதிரி, கைமுட்டி அளவு. உள்ளே பன்றிக்கறி. எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்த யோனாஸ், ஒன்றும் கேட்காமல் கறியை எல்லாம் தன் தட்டுக்குத் தள்ளிக்கொண்டு, வெறும் கிழங்கு மாவையும் புளித்த கெட்டித் தயிரையும் எங்கள் பக்கம் நகர்த்தினான். பாவா கோட்டுக்குள் கைவிட்டு ஆவக்காயை எடுத்தார். ஐயோ, அந்த ருசி! யோனாஸும் ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டான். கண்ணில் தண்ணீர் வந்தது. விடவில்லை, இன்னொரு கரண்டி எடுத்தான்.

"இதை எஸ்தோனியாக்காரனுக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள்," என்றான். "இன்றைக்குத் தின்றால் அவனுக்குக் காரம் உறைப்பதற்குள் வெயில்காலம் வந்துவிடும்."

"ஏன்?"

"அவ்வளவு மெதுவான ஜனங்கள். உங்கள் டாக்டரும் எஸ்தோனியாக்காரர்தானே? அவர் கத்தியை எடுப்பதற்குள் ஹரி காலை ஊன்றி நடந்து போய்விடுவான்."

அவன் சிரிக்க வைக்கத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாவா, "இன்னா சொல்றான்?" என்று கேட்டார். "டாக்டர் நல்ல டாக்டர்ன்றான்" என்றேன். சில நேரம் மொழிபெயர்ப்பாளனுக்கும் கொஞ்சம் உரிமை உண்டு.

லாட்வியா எல்லையில் செக்போஸ்ட் கூட இல்லை, ஒரு போர்டுதான். "இனிமேல் ரோடு கெட்டுப்போகும், ரொட்டியும் கெட்டுப்போகும்" என்றான் யோனாஸ். ரோடு அப்படியேதான் இருந்தது. ரொட்டியும் அதே கறுப்பு ரொட்டிதான், புளிப்பாக, கெட்டியாக. மூன்று நாட்டிலும் தின்று பார்த்தேன். மூன்று நாட்டுக்காரர்களும் தங்கள் ரொட்டிதான் ரொட்டி, அடுத்தவன் ரொட்டி செங்கல் என்றார்கள். நாங்களும் அப்படித்தானே? போர்டைத் தாண்டினால் சாம்பார் தண்ணீர் என்று அவர்களும், போர்டைத் தாண்டினால் நாக்கு வெந்துவிடும் என்று நாங்களும். ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே புளி.

ரீகாவில் எங்களை ஒரு விடுதியில் விட்டுவிட்டு, மறுநாள் பஸ்ஸுக்கும் ஏற்பாடு செய்துவிட்டு யோனாஸ் கிளம்பினான். அவன் அன்று ராத்திரி லாரி எடுக்க வேண்டும். போகும்போது பாவாவைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினான். பாவா அவன் சட்டைப் பையில் ஊறுகாயில் பாதியைப் பொட்டலம் கட்டித் திணித்தார்.

இனிமேல்தான் நான் செய்த வேலை வருகிறது. எழுதவே கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

புதன்கிழமை பன்னிரண்டரைக்கு பஸ். அதில் ஏறினால் நாலரைக்குத் தார்த்து. ஐந்து மணி ஆபரேஷனுக்குச் சரியாக இருக்கும். பன்னிரண்டு மணிக்கே பஸ் நிலையத்தில் நின்றோம். பஸ்ஸும் வந்து நின்றது. நான் சும்மா இருக்காமல் போனை எடுத்துப் பஞ்சாங்கம் பார்த்தேன். புதன்கிழமை பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை ராகு காலம்.

"பாவா, புள்ள காலை வெட்டலாமா வேணாமான்ற விஷயத்துக்குப் போறோம். ராகு காலத்துல ஏறணுமா?"

பாவா வானத்தைப் பார்த்தார். சூரியன் தெருவிளக்கு உயரத்துக்குக் கூட ஏறவில்லை. "ராகு காலம் நம்ம ஊர் டைமா, இவங்க ஊர் டைமா? நம்ம ஊர்ல இப்ப மணி நாலாவுது" என்றார்.

நியாயமான கேள்வி. அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. சூரியன் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்க் கணக்குத்தான் என்று வாதாடினேன். பகல் எட்டு மணி நேரம்தான் இருப்பதால் ராகு காலமும் இங்கே சுருங்கியிருக்கும், ஒரு மணிக்கெல்லாம் விலகிவிடும், அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்றேன். அடுத்த பஸ் என்று நான் சொன்னதற்குக் காரணம், எங்கள் ஊரில் திருப்பதி பஸ் ஒன்று போனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே இன்னொன்று வரும். கையைக் காட்டினால் நிற்கும். ஐம்பத்தெட்டு வருஷமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, ஒரு பஸ் போனால் அடுத்த பஸ் என்று ஒன்று இல்லாமல் போகும் என்று தோன்றவே இல்லை.

பாவா தயங்கினார். பெற்றவர். பயந்து போயிருந்தார். என் சொல்லைத் தட்டி ஏதாவது ஆகிவிட்டால்? "சரே, நீ சொன்னா சரி" என்றார்.

சரியாகப் பன்னிரண்டரைக்குக் கதவு மூடிக்கொண்டது. பஸ் போனது. நான் டிக்கெட் ஜன்னலுக்குப் போய் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "நாலு மணிக்கு" என்றாள் அந்தப் பெண்.

நாலு மணிக்கு ஏறினால் தார்த்துக்கு எட்டு மணி. திரும்பி வந்து பாவாவிடம் சொன்னேன். அவர் கத்துவார், அரவம்காரன் புத்தி என்பார், முப்பது வருஷப் பாக்கியையும் சேர்த்துத் திட்டுவார் என்று நின்றேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

கத்தியது நான்தான். என்னையே திட்டிக்கொண்டு, பெரிய குரலில், தமிழில். அந்த ஊரில் பஸ் நிலையத்தில் கூட யாரும் உரக்கப் பேசுவதில்லை. எதிர்ப் பெஞ்சில் காபி குடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், ஐம்பது வயது இருக்கும், எழுந்து வந்தாள்.

"யாராவது இறந்துவிட்டார்களா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

இல்லை என்று சொல்லி எல்லாவற்றையும் கொட்டினேன். ராகு காலத்தை எப்படி விளக்குவது? "பயணம் புறப்படக் கூடாத நேரம்" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் தலையாட்டினாள். "எங்கள் அம்மா வீட்டை விட்டுக் கிளம்பும்போது எதையாவது மறந்து திரும்பி வந்தால், உட்கார்ந்து கண்ணாடி பார்த்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவாள். வாருங்கள், என் கார் வெளியில் நிற்கிறது."

பெயர் இல்ஸே. லாட்வியாக்காரி. அக்காவைப் பஸ் ஏற்றிவிட வந்தவள், தன் ஊரான வால்காவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். வால்கா எஸ்தோனியா எல்லையில் இருக்கிற ஊர். அங்கிருந்து தார்த்து ஒரு மணி நேரம் சொச்சம். "எல்லைக்கு அந்தப் பக்கம் என் தங்கை புருஷன் இருக்கிறான். அவன் உங்களைத் தார்த்துக்குக் கொண்டுபோவான்," என்றாள். பிறகு பெருமூச்சு விட்டாள். "எஸ்தோனியாக்காரன். என்ன செய்வது, குடும்பத்துக்கு ஒருவனாவது அப்படி அமைந்துவிடுகிறான்."

இதைப் பாவாவுக்குச் சொன்னேன். முகத்தை மூடியிருந்த துண்டை எடுத்தார். "அவங்க வூட்லயும் உண்டா?" என்று கேட்டார். பஸ் போன பிறகு அவர் பேசிய முதல் பேச்சு அது.

வழியெல்லாம் பனி, பைன் மரம், மறுபடி பைன் மரம். இல்ஸே எங்களைக் கலகலப்பாக வைக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தாள். லிதுவேனியாக்காரர்களை லாட்வியாக்காரர்கள் குதிரைத் தலையர்கள் என்பார்களாம். லாட்வியாக்காரர்களை லிதுவேனியாக்காரர்களும் அதையேதான் சொல்வார்களாம். யார் ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியாது. எஸ்தோனியாக்காரர்களோ, லாட்வியாக்காரர்களுக்குக் காலில் ஆறு விரல் என்று சொல்வார்கள். "என் தங்கை கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் மாமா குனிந்து குனிந்து அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கடுப்பாகி ஷூவைக் கழற்றி மேஜைமேல் வைத்து, எண்ணிக்கொள்ளுங்கள் என்று காலைக் காட்டினாள்," என்றாள். நான் சிரித்துவிட்டேன். பாவாவுக்குச் சொல்லவில்லை. கால் விரல் என்ற பேச்சையே அவர் காதில் போட மனம் வரவில்லை.

வால்கா ஊரை எல்லைக்கோடு நடுவில் வெட்டிப் போகிறது. தெருவுக்கு இந்தப் பக்கம் லாட்வியா, அந்தப் பக்கம் எஸ்தோனியா. அந்தப் பக்கத்தில் ஊர்ப் பெயரையும் ஓர் எழுத்து மாற்றி, வால்கா இல்லை, வல்கா என்று என்னவோ சொன்னாள். என் நாக்குக்கு வித்தியாசம் எட்டவில்லை. லாட்வியா பக்கத்துச் சாராயக் கடை வாசலில் எல்லாம் எஸ்தோனியா நம்பர் வண்டிகள். இந்தப் பக்கம் விலை குறைவாம். பாவா அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது நம்ம ஊரு!" என்றார். எங்கள் எல்லையிலும் எந்தப் பக்கம் மலிவோ அந்தப் பக்கம் வண்டி நிற்கும்.

தெருவைத் தாண்டி, தங்கை புருஷன் வீட்டு வாசலில் காரை நிறுத்தினாள். அவர் பெயர் ராய்வோ. ஆறடிக்கு மேல், வெள்ளை மீசை. இல்ஸே லாட்வியனில் படபடவென்று எல்லாம் சொன்னாள். அவர் கேட்டார். ஒரு நிமிஷம் சும்மா நின்றார். போனை எடுத்து யாரிடமோ இரண்டே வாக்கியம் பேசினார். பிறகு வீட்டுக்குள் போனார். மணி மூன்றரை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு ஃபிளாஸ்க், மூன்று கம்பளி, ஒரு டார்ச் எல்லாம் எடுத்துக்கொண்டு நிதானமாக வந்து, காரின் நாலு விளக்கிலும் இருந்த பனியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

இல்ஸேயின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். என் கையைத் தட்டி, "போங்கள், போங்கள். வழியில் அவனைப் பேச வைக்க முயற்சி செய்யாதீர்கள், கார் நின்றுவிடும்" என்றாள். ராய்வோ அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். மீசை கொஞ்சம் அசைந்தது.

அந்தப் பயணம் இருக்கிறதே, ஐயா! போர்டில் எழுபது என்றால் எழுபது. ஒரு புள்ளி கூட ஏறாது. பின்னால் வந்த லாரிகள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. நான் முன் சீட்டில் உட்கார்ந்து இல்லாத ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே வந்தேன். "கொஞ்சம் வேகமாக..." என்று ஆரம்பித்தேன். அவர் யோசித்தார். நாலு கிலோமீட்டர் போன பிறகு பதில் வந்தது: "பனி வழுக்கும்." அவ்வளவுதான்.

தார்த்து ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது ஐந்தே முக்கால். ஓடினோம். பாவாவுக்கு வழுக்கும் தரையில் ஓடத் தெரியவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

ஹரி கட்டிலில் இருந்தான். கத்தி வைக்கவில்லை. பாவாவைப் பார்த்ததும், "நைனா, வந்துட்டியா" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். பாவா அவன் தலையை மார்போடு அணைத்துக்கொண்டார். நான் கால்பக்கம் நின்று, "என்னாலதான்டா லேட்டு. பஸ்ஸை வுட்டுட்டேன்" என்றேன். அவனுக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

டாக்டர் நாற்காலியைப் போட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தார். நரைத்த ஒல்லியான மனிதர். அவசரமே இல்லாமல் பேசினார். ராய்வோ மூன்றரைக்கு வால்காவில் இருந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் பேசிய அந்த இரண்டு வாக்கியமும் இவரிடம்தானாம்: அப்பா வந்துகொண்டிருக்கிறார், பனியில் மெதுவாகத்தான் வருவோம். "சரி, காத்திருக்கிறேன் என்றேன்," என்றார் டாக்டர். பிறகு காகிதத்தில் ஒரு பாதம் வரைந்தார். நடுவில் ஒரு கோடு. "போன வெள்ளிக்கிழமை உயிர் இல்லாத இடம் இதுவரை. அன்றே வெட்டியிருக்கலாம். எனக்கு அவசரப்படப் பிடிக்கவில்லை. தினம் சுத்தம் செய்து பார்த்துக்கொண்டு வந்தேன்." விரல்களுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டார். "இன்று மத்தியானம் பார்த்தேன். ரத்தம் இங்கே வரை வந்துவிட்டது. சுண்டுவிரலை எடுக்க வேண்டும். தோல் ஒட்ட வேண்டும். மற்றது இருக்கும் என்று நினைக்கிறேன்."

நினைக்கிறேன் என்றுதான் சொன்னார், சத்தியம் செய்யவில்லை. பாவாவுக்குச் சொன்னேன். அவர் அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கி, இரண்டாவது கோட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஹரியைப் பார்த்துத் தலையாட்டினார். ஹரி கையெழுத்துப் போட்டான்.

உள்ளே கொண்டுபோன பிறகு நடைபாதையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். ராய்வோ போகவில்லை. ஃபிளாஸ்கில் இருந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தார். எனக்கு மனசு தாங்காமல், "பாவா, கவலப்படாத. அவன் தலைய நம்ம முருகனுக்கு நேர்ந்துகினு இருக்கேன். மொட்ட போடறேன்னு வேண்டிக்கினேன்" என்றேன்.

பாவா எழுந்து நின்றார். "அடப்பாவி! நான் எங்க ஏழுமலையானுக்கு நேர்ந்துகினேனே! எவன் கேட்டு நீ அவன் தலைய நேர்ந்த?"

"மாமன்யா நான்! எனக்கு உரிமை இல்லயா?"

"ஒரு தலைய எத்தினி சாமிக்குயா குடுக்கிறது? முருகன் கோச்சிப்பானா, வெங்கன்ன கோச்சிப்பானா?"

காலையில் இருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது. பஸ் விட்டது வந்தது, அரவம்காரன் புத்தி வந்தது, காபி நுரை கூட வந்தது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ஒரு நர்ஸ் ஓடி வந்து உதட்டில் விரல் வைத்தாள். ராய்வோ என்னவென்று கேட்டார். ஒரு தலைமுடியை இரண்டு தெய்வத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம் என்று சொன்னேன். அவர் தேநீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தேநீர் ஆறிப்போயிருக்கும், அவ்வளவு நேரம்.

"முடி மறுபடி வளருமே," என்றார்.

பாவாவுக்குச் சொன்னேன். அவர் ராய்வோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்தார். "நல்லா யோசிக்கிறான்" என்றார்.

ஏழரை மணிக்கு டாக்டர் நடைபாதைக் கோடியில் தெரிந்தார். நாங்கள் எழுந்தோம். அவர் நடந்தார், நடந்தார், நடந்துகொண்டே இருந்தார். பக்கத்தில் வந்து குல்லாயைக் கழற்றிவிட்டு, "ஒரு விரல் மட்டும்" என்றார். பாவா அவர் காலில் விழப் போனார். டாக்டர் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார். நான் பிடித்துத் தூக்கினேன்.

ராகு காலத்தில் ஏறாததால்தான் பிள்ளை கால் பிழைத்தது என்று பாவா நகரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அந்த பஸ்ஸில் ஏறியிருந்தாலும் டாக்டர் இதையேதான் சொல்லியிருப்பார். கால் பிழைத்தது அந்த மனிதரின் பொறுமையால். ஒரு நாட்டையே எந்த மெதுவுக்காகக் கேலி செய்கிறார்களோ, அதுவே எங்கள் பிள்ளைக்கு மருந்தாக இருந்தது. யோனாஸுக்குப் போனில் இதைச் சொன்னேன். "சரி, ஆவக்காயில் ஒரு கரண்டி அந்த டாக்டருக்கும் கொடுங்கள்" என்றான்.

மூன்று வாரம் தார்த்துவில் இருந்தோம். சனிக்கிழமை தோறும் ராய்வோ வருவார். அரை மணி நேரம் உட்காருவார். "சரி" என்பார், போவார். ஒரு தடவை வறுத்த தானிய மாவு ஒரு பை கொண்டுவந்து மோரில் கரைத்துக் கொடுத்தார். கமா என்று பெயராம். ஒரு வாய் குடித்த பாவா, "இது கூழுடா! நம்ம கேவுரு கூழு!" என்று கத்தினார். மறுபடி நர்ஸ் ஓடி வந்தாள். பதிலுக்குப் பாவா பெட்டியில் இருந்து புது பொதட்டூர்பேட்டை லுங்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ராய்வோ அதைப் பிரித்து, உள்ளே கையை விட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஹரி படுத்தபடியே எப்படிக் கட்டுவது என்று விளக்கினான். பிறகு அந்தப் பயல் அவரிடமே, "உங்கள் லாட்வியாச் சொந்தக்காரர்களிடம் ஒரு விரல் அதிகம் இருக்கிறதாமே, எனக்குக் கேட்டு வாங்கித் தாருங்கள்" என்றான். இல்ஸேயின் கதையை நான்தான் அவனுக்குச் சொல்லியிருந்தேன். ராய்வோ சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும்.

அப்படி விளையாடிய பிள்ளைதான். வைகாசியில் ஊருக்கு வந்தபோது ஆளே மாறியிருந்தான். அக்கினி வெயிலில் சாக்ஸும் ஷூவும். வீட்டுக்குள்ளேயும் கழற்றுவதில்லை. குளிக்கப் போனால் கதவைச் சாத்திக்கொண்டு நேரமாக்குவான். அக்காவிடம் கூடக் காலைக் காட்டவில்லை. பாவாவும் விரலை எடுத்த பிறகு அந்தக் காலைப் பார்த்ததே இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அது கட்டுக்குள்தான் இருந்தது. நடை நன்றாக இருக்கிறது, இன்னும் சில மாதத்தில் வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் பிள்ளை தெருவுக்கு வரவில்லை.

முதல் மொட்டை எங்கள் மலைக்கு என்று பாவாவே விட்டுக்கொடுத்தார். "உன் முருகன் கிட்ட இருக்கான், எங்காளு பெரிய மனுஷன், காத்துகினு இருப்பாரு" என்றார். ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் மலையடிவாரத்தில் போய் நின்றோம். கல் சுடாத நேரம். முன்னூற்று அறுபத்தைந்து படி. எல்லாரும் செருப்பைக் கழற்றினோம். ஹரி மட்டும் நின்றான்.

"நீங்க ஏறிட்டு வாங்க மாமா. நான் கீழயே குந்திகினு இருக்கேன்," என்றான்.

"டேய், மொட்ட உனக்குடா."

"கால்ல வலி மாமா."

வலி இல்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். மேலேயும் கீழேயும் ஜனம் போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் வெறுங்காலோடு. அவன் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பாவா கையைக் காட்டி நிறுத்தினார்.

முதல் படியில் அவர் உட்கார்ந்தார். ஹரியைப் பக்கத்தில் மேல்படியில் உட்கார வைத்தார். பிள்ளையின் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். "வேணா நைனா, ஜனம் பாக்குது" என்று ஹரி காலை இழுத்தான். அவர் விடவில்லை. ஷூவைக் கழற்றினார், சாக்ஸை உருவினார். தோல் ஒட்டிய இடமெல்லாம் வெளுத்தும் கறுத்தும் திட்டுத்திட்டாக இருந்தது. அறுபத்து மூன்று வயது மனிதர், ஊரே ஏறி இறங்குகிற படியில், பெற்ற பிள்ளையின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலில் ஆரம்பித்துத் தெலுங்கில் எண்ணினார். ஒவ்வொரு விரலாகத் தொட்டு, சத்தமாக.

"ஒகடி. ரெண்டு. மூடு. நாலுகு."

நாலோடு நின்றார். ஒன்றுமில்லாத அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"சாலு நைனா," என்றார். போதும் என்று அர்த்தம். "பாதி பாதம் போவும்னாங்க. நாலு குடுத்துட்டாங்க. சாலு, சாலு."

ஹரி முகத்தைத் துடைத்துக்கொண்டான். இன்னொரு ஷூவை அவனே கழற்றினான். பிறகு அப்பன் தோளைப் பிடித்து எழுந்து, அந்தக் காலைத்தான் முதலில் படியில் வைத்தான்.